இழுத்து மூடிய காயம்: அருமைநாயகம் அண்ணையின் நினைவாக

செய்தி வந்தபோது நான் டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் ரயில் நிலையத்துக்கு முன்னால் சைக்கிளைப் பூட்டிக்கொண்டு நின்றேன். ஒரு கையில் திறப்பு, மறு கையில் கைபேசி. அழைத்தது ரூத், அருமைநாயகம் அண்ணையின் ஒரே மகள்.

"அன்ரி, அப்பா போட்டார்."

"எங்கை போட்டார்?" என்று கேட்டேன்.

எங்கள் பேச்சில் போட்டார் என்றால் போய்விட்டார்; கடைக்குப் போனாலும் அதுதான், ஒரேயடியாகப் போனாலும் அதுதான். எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் விளங்கிக்கொள்ள மனம் வரவில்லை. டெனிஷில் நேராகக் கேட்டேன்: இறந்துவிட்டாரா? "ஓம்" என்று தமிழில் பதில் வந்தது. நான் விடவில்லை. நிச்சயமாகவா, அம்புலன்ஸ் வந்ததா, டாக்டர் பார்த்தாரா, யார் சொன்னது என்று, தகப்பனைப் பறிகொடுத்து நிற்கிற ஒருத்தியிடம் பொலிஸ்காரியைப் போல விசாரணை நடத்தினேன்.

அதற்காக யாரும் என்னைக் கோபிக்க வேண்டாம். அருமைநாயகம் அண்ணை ஏற்கெனவே ஒருமுறை இறந்தவர். விபோர்க்கிலிருந்தும் பிரெடெரிசியாவிலிருந்தும் ஆட்கள் கறுப்பு உடுப்போடு வந்து இறங்கி, அவர் கட்டிலில் நிமிர்ந்து இருந்து பாண் சாப்பிடுவதைக் கண்டு திகைத்தார்கள். நானும் அங்கே நின்றவள். அந்த மரணம் பொய்யாய்ப் போனது போல இதுவும் போய்விடக்கூடாதா என்று ரயில் நிலைய வாசலில் நின்று ஆசைப்பட்டேன்.

ரூத் அடுத்துச் சொன்ன வசனம்தான் என்னை நம்பவைத்தது.

"அப்பா இழுக்கேல்லை, அன்ரி. கதிரையிலை இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவர். அப்பிடியே போட்டார்."

டென்மார்க்கில் பிறந்து வளர்ந்த அந்தப் பிள்ளை அந்தச் சொல்லை இம்முறை சரியான இடத்தில் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அண்ணையின் மனைவி கிரேஸ் அக்கா கேட்டிருக்கிறார். "அவரைப் பற்றி நல்லதா நாலு வார்த்தை எழுதுங்கோ, மிஸ்ஸி" என்றார். எங்கள் நினைவு மலர்களில் இறந்தவர்கள் எல்லோரும் சாந்தமானவர்கள், இன்முகம் மாறாதவர்கள், அதிர்ந்து பேசாதவர்கள். அருமைநாயகம் அண்ணை இவற்றில் ஒன்றும் அல்லர். வாயைத் திறந்தால் மூடமாட்டார். மூடினால் திறக்கவைக்க முடியாது. செபக்கூட்டத்தில் மற்றவர்கள் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போது இவர் ஆண்டவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார், அதுவும் அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி. ஒரு விஷயத்தைக் காலையில் ஒரு விதமாகவும் பின்னேரம் வேறு விதமாகவும் சொல்வார். இரண்டையும் ஒரே பிடிவாதத்தோடு சொல்வார். அவரை நான் இத்தனை வருடங்களாக அறிந்திருந்தும் முழுவதாக விளங்கிக்கொண்டேன் என்று என்னால் எழுத முடியாது. தெரிந்ததை எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்குமேல் போனதற்குக் கிரேஸ் அக்கா மன்னிக்க வேண்டும்.

அவரை நான் அறிந்தது ஒரு காயத்தின் வழியாகத்தான்.

ஊரில் போர் முடிகிற அந்த இளவேனிலில் நான் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை வார்ட்டில் தாதியாக இருந்தேன். அண்ணை ஒரு பொருட்கிடங்கில் வேலை செய்தார். அடுக்கியிருந்த மரத்தட்டுகள் சரிந்து அவருடைய வலது காலில், முழங்காலுக்குக் கீழே, விழுந்துவிட்டன. எலும்பு தப்பிவிட்டது. ஆனால் உள்ளே தசை நசிந்து வீங்கத் தொடங்கியது. தோல் இறுக்கமான உறை. உள்ளே வீக்கம் கூடக்கூட இரத்தம் ஓட இடமில்லாமல் போகும். பார்த்துக்கொண்டிருந்தால் கால் போய்விடும். ஆகவே டாக்டர்கள் காலின் வெளிப்பக்கத்தை நீளமாகக் கீறித் திறந்துவிட்டார்கள். கால் தப்பியது. ஆனால் வீக்கம் வற்றிய பிறகும் கீறிய இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று எட்டவில்லை. ஒருமுறை விலகிய தோல் சுருங்கிக்கொள்ளும். நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாகத் தசை தெரிந்துகொண்டு கிடந்தது.

முதல் நாள் நான் கட்டு மாற்றப் போனபோது என் பெயர்ப் பட்டியை வாசித்துவிட்டு, "மிஸ்ஸி, நீங்கள் எங்கடை ஆளோ?" என்று கேட்டார். ஊர் ஆஸ்பத்திரிகளில் தாதிமாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். டென்மார்க்கில் அதற்கு முன்னர் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதற்குப் பிறகு அவருடைய குடும்பத்தில், அன்ரி என்கிற ரூத்தைத் தவிர, யாரும் என்னை வேறு பெயரால் கூப்பிட்டதில்லை.

அப்படிப்பட்ட காயத்தை மூட இரண்டு வழிகள் இருந்தன. தொடையிலிருந்து தோலைச் சீவி எடுத்து ஒட்டுவது ஒன்று. மற்றது, இருக்கிற தோலையே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சேர்ப்பது. அதைத்தான் எங்கள் டாக்டர், உயரமான, அதிகம் பேசாத ஒரு டெனிஷ் பெண்மணி, தெரிந்தெடுத்தார். காயத்தின் இரு கரையிலும் கடதாசி பொருத்துகிற கம்பி போலச் சிறு கம்பிகளை அடித்து, அவற்றுக்கிடையே மெல்லிய ரப்பர் நாடாவைக் குறுக்கும் மறுக்குமாகக் கோர்த்தார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த நாடாவைச் சற்று இறுக்குவோம். அளவுக்கு மேல் இறுக்கினால் தோலின் விளிம்பு வெளுத்துப்போகும். வெளுத்தால் இரத்தம் போகவில்லை என்று அர்த்தம். உடனே தளர்த்திவிட வேண்டும். நிறம் திரும்பும்வரை காத்திருந்து, தோல் இடங்கொடுத்த அளவுக்கு மாத்திரம் பிடித்துக்கொள்ள வேண்டும். டாக்டர் ஒவ்வொரு முறையும் டெனிஷில் ஒரே வசனத்தைச் சொல்வார். தமிழில் சொன்னால், தோல் தன்னைக் கொடுக்கும்.

"என்னவாம்?" என்று அண்ணை கேட்டார்.

"இழுத்தால் தோல் குடுக்குமாம், அண்ணை."

அவர் லேஸ் கட்டிய மாதிரிக் கிடந்த காலைக் குனிந்து பார்த்தார். "மிஸ்ஸி, கடைசியிலை என்னைச் சப்பாத்து ஆக்கிப்போட்டியள்" என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் அந்தச் சிகிச்சைக்குப் பெயர் இழுப்பு. காலையில் நான் உள்ளே நுழைந்ததும், "இண்டைக்கு இழுப்பு இருக்கோ, மிஸ்ஸி?" என்று கேட்பார். இருக்கிறது என்றால் தலையணையை நிமிர்த்தி, கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். இல்லை என்றால் முகம் மலர்ந்து, "அப்ப ஒரு கோப்பி தாங்கோ" என்பார். கிரேஸ் அக்காவும் அப்படியே சொல்லத் தொடங்கினார். கிம்னேசியத்தில், அதாவது டெனிஷ் உயர்தரப் பள்ளியில், கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த ரூத்தும் அதையே பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் விளங்கும். பேசும்போது சொற்களை அயலில் கடன் வாங்கிய பாத்திரம் மாதிரிப் பக்குவமாகத்தான் எடுப்பாள்.

இழுப்பு நடக்கும்போது அண்ணை வயிற்றின்மேல் ஒரு கைபேசியை வைத்திருப்பார். அவரிடம் இரண்டு கைபேசிகள் இருந்தன. ஒன்று டென்மார்க்குக்கு. மற்றது, அந்த இலக்கம் தெரிந்த ஒரே ஒருவருக்கு. அது அவருடைய தங்கை மலர். மலர் புருஷனோடு வன்னியில் இருந்தார். வருடத் தொடக்கத்தில் ஒருமுறை யாரோ ஒருவருடைய தொலைபேசியிலிருந்து பேசியிருக்கிறார். பிறகு ஒன்றுமில்லை. பழைய நாட்களில் அவர் அழைக்கும்போதெல்லாம், "அண்ணா, டெனிஷிலை ஏதாவது கதை பாப்பம்" என்று கேட்பாராம். இவர் கிடங்கின் கதவில் எழுதியிருக்கிற ஒரு வசனத்தைச் சொல்வாராம்: வெளியார் உள்ளே வரக்கூடாது. "அவள் அதைப் பாட்டெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள், மிஸ்ஸி" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கைபேசியை எடுத்து, அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடியும் வயிற்றில் வைத்தார்.

அந்த நாட்களில் டென்மார்க்கில் இருந்த எங்கள் ஆட்கள் யாருக்கும் தலை நேராக இருக்கவில்லை. ஒரு தொலைபேசி ஒன்றைச் சொல்லும், அடுத்த தொலைபேசி அதை இல்லை என்னும். இருக்கிறார் என்று சொன்னவர்களுக்கு மறுநாள் செய்தி வந்தது. போய்விட்டார் என்று அழுது முடித்தவர்கள் பிறகு குரலைக் கேட்டார்கள். எதையும் நம்பவும் முடியாது, நம்பாமல் இருக்கவும் முடியாது.

இந்த நிலையில்தான் கிரேஸ் அக்காவின் தமையன் தேவராசா, விபோர்க்கிலிருந்து, மச்சானின் கால் எப்படி என்று அறிய வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். அக்கா கடைக்குப் போயிருந்தார். ரூத் எடுத்தாள். என்ன சொன்னாள் என்பதை அவளே பிறகு என்னிடம் சொல்லியழுதாள்:

"அப்பாக்கு இழுக்குது, மாமா. இன்னும் ஒரு கிழமை இழுக்குமாம். பிறகு மூடுவினமாம்."

டாக்டர் சொன்னதை அவள் ஓர் எழுத்துப் பிசகாமல்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் எங்கள் ஊரில் ஒரு மனிதருக்கு இழுக்கிறது என்றால் மூச்சு இழுக்கிறது என்றுதான் அர்த்தம். இன்றோ நாளையோ என்று கிடக்கிறார் என்று அர்த்தம். அப்படிப்பட்டவரைப் பிறகு மூடுவார்கள் என்றால் எதை மூடுவார்கள் என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை; பெட்டியைத்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு அவர்கள் வந்தார்கள். தேவராசா, அவர் மனைவி, பிரெடெரிசியாவிலிருந்து செபக்கூட்டத்து ஆட்கள். எல்லோரும் கறுப்பு உடுப்பு. ஒருவர் கையில் வெள்ளைப் பூ. இன்னொருவர் செபப் பாட்டுக்குக் கிற்றாரையும் கொண்டு வந்திருந்தார். நான் வார்ட் வாசலில் அவர்களுக்கு எதிர்ப்பட்டேன். எனக்கு ஒரு நாசமும் தெரியாது. ஆராதனைக்குப் போய்விட்டு நோயாளியைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"மிஸ்ஸி, இன்னும் இழுக்குதோ?" என்று தேவராசா தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஓம். இண்டைக்கு இல்லை, நாளைக்குத்தான் திரும்ப இழுப்பம்."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. "அவருக்கு நோகுமோ?"

"நோகும்தான். முதலே மருந்து குடுத்துப்போடுவம்."

"எப்ப மூடுவினம்?"

"வாற கிழமை மூடலாம் எண்டு டாக்டர் சொல்லுறா. எல்லாம் நல்லபடியா நடந்தா."

பின்னால் நின்ற ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். இவருக்கு ஏன் இவ்வளவு இளகிய மனது என்று எண்ணிக்கொண்டு நான் கதவைத் திறந்துவிட்டேன்.

உள்ளே அருமைநாயகம் அண்ணை காலைத் தலையணையில் உயர்த்தி வைத்துக்கொண்டு, கறுத்த பாணில் ஈரல் பூச்சைத் தடவி, அதன்மேல் வீட்டிலிருந்து வந்த காரமான கட்டைச் சம்பலை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்கள் கதவடியில் அப்படியே நின்றுவிட்டார்கள். சாகக் கிடப்பவர் சம்பல் சாப்பிடுவதைக் கண்டால் யாருக்குத்தான் வாய் வரும்? கிற்றார்க்காரர் கிற்றாரை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

அண்ணை முதலில் சிரித்தார். பிறகு கறுப்பு உடுப்புகளைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். பாண் துண்டு கையிலிருந்து தட்டில் விழுந்தது.

"மலரோ?" என்று கேட்டார்.

யாருக்கும் பதில் வரவில்லை. அவர்கள் இன்னும் முதல் திகைப்பிலிருந்தே வெளியே வரவில்லை. அந்த மௌனத்தை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். ஒரு சொல்லை யாராவது உடனே சொல்லியிருந்தால் போதும். எனக்கும் வாய் வரவில்லை. ஏனென்றால் ஒரு கணம் நானும் அப்படித்தான் நினைத்தேன். இவர்கள் மலரின் செய்தியைத்தான் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று.

அதற்குப் பிறகு நடந்தது முழுவதும் ஒரே குழப்பம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தேவராசா விளக்கினார். கிரேஸ் அக்கா ஓடி வந்து தமையனைத் திட்டினார். ரூத் கட்டிலடியில் நின்று, "அப்பா, நான்தான். இழுக்கினம் எண்டு நான் சொன்னனான். மாமா வேறை மாதிரி விளங்கிட்டார்" என்று அழுதாள். அண்ணை எல்லோரையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நல்லா யோசிச்சிருக்கிறியள்" என்றார். அவருடைய கண்ணில் அந்த விளக்கம், மலரின் சாவை மறைக்க எல்லோரும் கூடி அவசரத்தில் கட்டிய கதை. யோசித்துப் பார்த்தால் அவரைப் பிழை சொல்ல முடியாது. அந்தக் கதை உண்மையாக இருந்ததால்தான் அவ்வளவு பொய் போல இருந்தது.

தேவராசா வேதப் புத்தகத்தில் கை வைத்தார். "மச்சான், மலர் சுகமா இருக்கிறா."

"உமக்கு ஆர் சொன்னது?"

தேவராசா புத்தகத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "கர்த்தர் கைவிடமாட்டார்" என்றார்.

"அப்ப உமக்குத் தெரியாது. தெரியாமல் சத்தியம் பண்ணுறீர்" என்றார் அண்ணை. அதோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் டாக்டர் நாடாவை இறுக்க வந்தபோது, யாரோ கோப்பி வேண்டுமா என்று கேட்டது போல, அண்ணை டெனிஷில் மரியாதையாக, "வேண்டாம், நன்றி" என்றார். டாக்டர் விளக்கினார். நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். இறுக்காமல் விட்டால் நாடா தளர்ந்துபோகும். தோல் மறுபடியும் சுருங்கும். இதுவரை பட்ட பாடெல்லாம் வீண். திறந்த காயத்தில் கிருமி புகுந்தால் எதற்காகக் கீறினோமோ அந்தக் காலுக்கே ஆபத்து. அவர் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

"திறந்தபடி கிடக்கட்டும், மிஸ்ஸி. அவளுக்கு அங்கை மூட ஆரிருக்கினம்?"

டாக்டர் என்னைப் பார்த்தார், என்ன சொல்கிறார் என்று. நான் அந்த வசனத்தை டெனிஷில் சொன்னேன். சொன்ன பிறகும் அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மொழிபெயர்ப்பில் எங்கோ ஒரு துண்டு விடுபட்டுப்போயிற்று என்று அவர் நினைத்திருக்க வேண்டும். துண்டு ஒன்றும் விடுபடவில்லை. சம்பந்தம் எனக்கும்தான் தெரியவில்லை. சட்டப்படி, வயது வந்த ஒருவர் வேண்டாம் என்றால் யாரும் தொட முடியாது. நாடா தளர்ந்தபடியே கிடந்தது. ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் அந்த இடைவெளி கொஞ்சம் கூடியிருக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. சாப்பாட்டையும் விட்டுவிட்டார். வாய் மூடாத மனிதர் வாயையும் மூடிவிட்டார்.

அந்த நாட்களுக்குள்தான் போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. வார்ட்டின் கோப்பி அறையில் ஒரு சக ஊழியர் என் தோளைத் தொட்டு, "கடைசியில் முடிந்துவிட்டது, உங்களுக்கு நிம்மதிதானே" என்றார். நல்ல மனத்தோடுதான் கேட்டார். நான் ஓம் என்றேன். பிறகு இல்லை என்றேன். பிறகு படுக்கை விரிப்புகள் அடுக்கியிருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு அங்கே நேரடியாக யாரும் இருக்கவில்லை. யாருக்காக அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு அருமைநாயகம் அண்ணையின் கட்டு மாற்றப் போனேன்.

அவர் என் கண்ணைப் பார்த்தார். அழுதிருக்கிறேன் என்று கண்டுகொண்டார். நான் துணியை அவிழ்த்தேன்.

"மிஸ்ஸி, நீங்கள் சைவ சமயம்தானே?" என்று கேட்டார்.

"ஓம்."

"பொய் சொன்னா உங்களுக்கு என்ன நடக்கும்?"

"திரும்பப் பிறக்க வேணும், அண்ணை."

"டென்மார்க்கிலையோ?"

"அதைச் சொல்லேலாது."

"அப்ப பொய் சொல்லாமல் சொல்லுங்கோ. மலர் இருக்கிறாளோ, இல்லையோ?"

இருக்கிறா என்று சொல்ல வாயெடுத்தேன். நோயாளிக்கு நம்பிக்கை கொடுப்பது தாதியின் கடமை என்று எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். ஆனால் அந்த நேரம் எனக்குக் கோபமாக இருந்தது. முடிந்தது என்று சொன்ன தொலைக்காட்சி மீதும், சத்தியம் பண்ணிய தேவராசா மீதும், தெரியாத ஒன்றைத் தெரிந்தது போலச் சொல்கிற எல்லோர் மீதும் கோபம்.

"எனக்குத் தெரியாது, அண்ணை" என்றேன். "உங்களுக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் முழங்கையை ஊன்றி நிமிர்ந்து இருந்தார். பிறகு தலையணையை நிமிர்த்தினார். கைபேசியை எடுத்து வயிற்றில் வைத்தார். கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"அப்ப சரி" என்றார். "இழுங்கோ."

டாக்டர் வந்து நாடாவை இறுக்கினார். விளிம்பு வெளுத்தது. தளர்த்தினார். நிறம் திரும்பியது. மறுபடியும் இறுக்கினார். தோல் கொடுத்தது. வெளியே வந்ததும், அவரை எப்படிச் சம்மதிக்கவைத்தாய் என்று டாக்டர் கேட்டார். தங்கை உயிரோடு இருக்கிறாரா என்று அண்ணை கேட்டார், தெரியாது என்று சொன்னேன், அவ்வளவுதான் என்றேன். டாக்டர் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இன்றைக்கும் இல்லை. சில வருடங்களுக்குப் பிறகு ஒருமுறை அண்ணையிடமே கேட்டேன், அன்றைக்கு ஏன் மனம் மாறினீர்கள் என்று. "அண்டைக்கு எனக்குப் பசிச்சது, மிஸ்ஸி" என்றார். இன்னொரு முறை கேட்டபோது, "நீங்கள் அழுதிட்டு வந்தபடியாத்தான்" என்றார். இரண்டையும் ஒரே பிடிவாதத்தோடு சொன்னார்.

காயம் மூடியது. இரண்டு விளிம்பும் சந்தித்து, டாக்டர் தையல் போட்டார். தொடைத் தோலுக்கு வேலை வரவில்லை. முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால்வரை ஒரு மெல்லிய கோடு. அதன் இரு புறமும், கம்பிகள் இருந்த இடத்தில், வரிசையாகச் சிறு புள்ளிகள். "பூரான் மாதிரி இருக்கு" என்று ரூத் டெனிஷில் சொன்னாள். அவர் ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போனார்.

ஆவணியோ புரட்டாதியோ, எனக்குச் சரியாக ஞாபகமில்லை, ஒருநாள் அவர் எனக்கு அழைத்தார். அழைத்துவிட்டுப் பேசவில்லை. மூச்சு மாத்திரம் கேட்டது.

"இருக்கிறாள், மிஸ்ஸி" என்றார். "முகாமிலை இருக்கிறாள். கதைச்சவள். டெனிஷிலை ஏதாவது சொல்லு எண்டு கேட்டவள்."

"சொன்னியளோ?"

"சொன்னனான். உள்ளே வரக்கூடாது எண்டு." அதோடு விம்மத் தொடங்கினார்.

மலரின் புருஷன் இல்லை. மலருக்கு இடது கையில், தோளுக்குக் கீழே, எறிகணைத் துண்டு பட்டிருந்தது. எப்படி மூடினார்கள் என்று அண்ணை கேட்டிருக்கிறார். "தானா மூடினது, அண்ணா" என்று மலர் சொல்லியிருக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் காயங்களோடு வாழ்கிறவள். யாரும் இழுத்துச் சேர்க்காத காயம் அடியிலிருந்து தானாகத்தான் ஊறி வரும். மாதக்கணக்கு எடுக்கும். அது மூடும், ஆனால் கோடாக மூடாது. தோல் என்று சொல்ல முடியாத ஒன்றால் மூடும். அதையெல்லாம் நான் அண்ணைக்குச் சொல்லவில்லை. அவராகவே, "எனக்கு இழுக்க ஆக்கள் இருந்தவை" என்றார். அவ்வளவுதான். அந்த வசனத்தை அவர் பிறகு ஒருபோதும் திருப்பிச் சொல்லவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு அவருடைய காலை யாரும் பார்க்கவில்லை. கோடை விடுமுறையில் கடற்கரைக்கு எல்லோரும் அரைக் காற்சட்டையோடு வர, இவர் மட்டும் நீளக் காற்சட்டையும் காலுறையுமாக இருப்பார். வெட்கப்படுகிறார் என்று ஆட்கள் பகிடி பண்ணினார்கள். நான் ஒருநாள் கோபித்தேன். "என்ன அண்ணை, நாங்கள் அவ்வளவு வடிவா மூடிவிட்டது ஒளிக்கிறதுக்கோ?" அவர் சிரிக்கவில்லை. "வடிவாத்தான் இருக்கு, மிஸ்ஸி. அதுதான் பிரச்சினை" என்றார்.

வன்னிக்குப் போகிற பாதை திறந்து சில வருடங்களுக்குப் பிறகு மலரைப் பார்க்கப் போய்வந்தார். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். "ஆடு வளக்கிறாள். ஆட்டைப் பற்றிக் கதைச்சம்." காயத்தைக் காட்டினாவோ? "அவளும் காட்டேல்லை, நானும் காட்டேல்லை. நான் சாரம் கட்டேல்லை, நீளக் காற்சட்டைதான். அவள் நீளக் கைச்சட்டை." அந்த வெக்கையில் இரண்டு பேரும் உடம்பு முழுவதையும் மூடிக்கொண்டு ஆட்டைப் பற்றி ஒரு மாதம் கதைத்திருக்கிறார்கள். ஆளையாள் நோகப்பண்ணக் கூடாது என்று இருவரும் நினைத்தார்கள் போலும். அப்படி மறைத்ததாலேயே இருவரும் நொந்தார்களோ என்று எனக்கு அப்போது தோன்றியது. அதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

போன கிழமை தேவாலயத்தின் பக்கத்து அறையில் அவரைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நாங்கள் கொஞ்சப் பேர்தான். கிரேஸ் அக்கா, தேவராசா, ரூத், நான். தேவராசா இம்முறையும் கறுப்பு உடுப்புத்தான். வாசலில் என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரூத் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள். திரையில் மலர், ஊரில், தலை நரைத்து, ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். அழவில்லை. தமையனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூடியைத் தூக்க இரண்டு டெனிஷ் ஆட்கள் வந்து ஓரமாக நின்றார்கள். எங்கள் ஒருவருக்கும் அதைக் கேட்கத் துணிவு வரவில்லை. கடைசியில் ரூத்தான் கேட்டாள், திரையைப் பார்த்து.

"மாமி, மூடலாமோ?"

"பொறு, பிள்ளை" என்றார் மலர். "காலைக் காட்டு."

ரூத் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போய், என் பழைய வேலையைச் செய்வது போல, வலது காற்சட்டையைக் கணுக்காலிலிருந்து மெல்ல மேலே சுருட்டினேன். காலுறையைக் கழற்றினேன். அந்தக் கோடு இருந்தது. புள்ளிகள் இருந்தன. இத்தனை வருடத்தில் நூல் போல மெலிந்து, வெள்ளையாகிப் போயிருந்தது. ரூத் கைபேசியை அதன்மேல் கொண்டுபோய்ப் பிடித்தாள்.

மலர் திரைக்கு மிகக் கிட்ட வந்து பார்த்தார். அவருடைய நெற்றி மாத்திரம் தெரிந்தது.

"அம்மாடி! எவ்வளவு வடிவா மூடியிருக்கினம்" என்றார். "இதையோ, அண்ணா, இவ்வளவு நாளும் எனக்கு ஒளிச்சனி?"

பிறகு கதிரையில் சாய்ந்து, இடது கைச்சட்டையைத் தோள்வரை இழுத்துவிட்டு, அந்தக் கையைத் திரைக்கு முன்னால் நீட்டிப் பிடித்தார். எங்களுக்கு அல்ல, தமையனுக்கு. ரூத் விளங்கிக்கொண்டாள். கைபேசியைக் காலிலிருந்து எடுத்துத் தகப்பனின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். அந்தக் கையில் நான் கண்டதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவர்கள் இருவருக்கும் உரியது.

"சரி, பிள்ளை. இனி மூடுங்கோ" என்றார் மலர்.

நான் காற்சட்டையை இறக்கிவிட்டேன். காலுறையைப் போடவில்லை. தேவையில்லை என்று தோன்றியது.

அண்ணை, உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். எழுதினேனா என்று தெரியவில்லை. நீங்கள் பொய் சொல்லாத பதிலைத்தான் எப்போதும் விரும்பினீர்கள், ஆகவே தெரிந்ததை மாத்திரம் சொல்லிவிடுகிறேன். கட்டில் கம்பியை விடுங்கோ, அண்ணை. இண்டைக்கு இழுப்பு இல்லை. போட்டு வாங்கோ.